அம்மா அப்பாவுக்கு அமெரிக்க கிரீன் கார்டு: பேப்பர் வேலையை பேர்ல இருந்து ஆரம்பிங்க

எங்க அம்மாவுக்கு மூணு பேரு. வீட்ல பாப்பா, பத்தாம் கிளாஸ் சர்டிபிகேட்ல ஆர். சரஸ்வதி, பாஸ்போர்ட்ல சரஸ்வதி கல்யாணசுந்தரம். நான் பொறந்தப்ப பிறப்பை பதிவு பண்ணப் போன தாத்தா, தாயார் பேர் என்னன்னு கேட்டதும் வாய்ல வந்த மாதிரி பாப்பான்னே சொல்லிட்டாரு, அதுவே ரெக்கார்டு ஆயிடுச்சு. நாப்பது வருஷம் கழிச்சு நான் அமெரிக்கால சிட்டிசன் ஆகி அம்மாவுக்கு கிரீன் கார்டு பெட்டிஷன் போட்டா, இந்த பாப்பாவும் அந்த சரஸ்வதியும் ஒரே ஆளுதான்னு நிரூபிங்கன்னு லெட்டர் வந்துச்சு. அதுக்கு பதில் அனுப்பி முடிக்கிறதுக்குள்ள பல மாசம் போச்சு. இப்போ அம்மாவும் அப்பாவும் நியூ ஜெர்சில எங்க கூடத்தான் இருக்காங்க. உங்களுக்கு அந்த மாசங்கள் மிச்சமாகட்டும்னுதான் இவ்ளோ விவரமா எழுதுறேன்.

முதல்ல யார் பண்ண முடியும்னு சொல்லிடுறேன். நீங்க அமெரிக்க சிட்டிசனா இருக்கணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும். கிரீன் கார்டு மட்டும் வச்சிருக்கிறவங்க அம்மா அப்பாவுக்கு போட முடியாது. சிட்டிசனோட பெத்தவங்க நெருங்கின உறவுங்கிற கேட்டகரில வர்றதால வருஷத்துக்கு இத்தனை பேருதான்னு கணக்கு கிடையாது, எச்1பில இருந்து கிரீன் கார்டுக்கு நம்ம ஆளுங்க காத்து கிடக்கிற மாதிரி கியூவும் கிடையாது, பேப்பர் பார்த்து முடிக்கிற நேரம்தான். ஆனா இந்த கேட்டகரில ஒருத்தரோட பெட்டிஷன்ல இன்னொருத்தரை சேர்க்க முடியாது. பெட்டிஷன் ஃபார்ம் பேரு ஐ-130. அம்மாவுக்கு ஒரு ஐ-130, அப்பாவுக்கு ஒரு ஐ-130, ரெண்டு ஃபீஸ். கல்யாணம் ஆகாத தம்பியோ தங்கச்சியோ வீட்ல இருந்தா அவங்களையும் சேர்த்து கூட்டிட்டு வர முடியாது. இதை முன்னாடியே வீட்ல சொல்லிடுங்க, நிறைய பேர் கடைசி வரைக்கும் அவளும் கூட வந்துருவான்னு நினைச்சிட்டு இருப்பாங்க.

அதைவிட முக்கியமா அவங்க கிட்ட கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கிரீன் கார்டுன்னா இங்கதான் குடி இருக்கேன்னு சொல்றது. வருஷத்துக்கு ரெண்டு மாசம் வந்து பேரன் பேத்தியை பாத்துட்டு போற நினைப்புல இருந்தா டூரிஸ்ட் விசாவே போதும், கிரீன் கார்டு அவங்களுக்கு பாரம்தான். எங்க அப்பா பேசுறப்பல்லாம் "மார்கழி வந்தா நான் ஊருக்கு போயிடணும் தம்பி"ன்னுதான் சொல்லுவாரு. மார்கழிக்கு போய் பொங்கல் முடிச்சு திரும்பறது நாலு மாசத்துக்குள்ள அடங்கிடும், அதனால சரின்னு முடிவு பண்ணோம். அவரு எட்டு மாசம் ஊர், நாலு மாசம் இங்கன்னு சொல்லியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன். இன்னொண்ணு, ஐ-130 போட்டதுக்கு அப்புறம் புதுசா டூரிஸ்ட் விசா கேட்டா, உங்க பேர்ல இமிக்ரன்ட் பெட்டிஷன் யாராவது போட்டிருக்காங்களான்னு ஃபார்ம்லயே கேள்வி இருக்கு, ஆமான்னுதான் சொல்லணும், அப்புறம் விசா கிடைக்கிறது கஷ்டம். அதனால யோசிச்சு போடுங்க.

சரி, பேப்பர். அம்மாவுக்குன்னா உங்க பிறப்பு சான்றிதழ்ல அம்மா பேரு இருக்கணும், அதோட உங்க அமெரிக்க பாஸ்போர்ட் இல்லைன்னா நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட், அதாவது நீங்க சிட்டிசன் ஆனப்ப குடுத்த சான்றிதழ். அப்பாவுக்கு இதெல்லாம் போக அவங்க கல்யாண சர்டிபிகேட்டும் வேணும். ஃபீஸ் ஆன்லைன்ல போட்டா ஒரு பெட்டிஷனுக்கு 625 டாலர், பேப்பர்ல அனுப்பினா 675, இது 2024 ஏப்ரல்ல வந்த ரேட், கட்டுறதுக்கு முன்னாடி யுஎஸ்சிஐஎஸ், அதாவது அமெரிக்க குடியேற்ற ஆபீஸ் சைட்ல ஒரு தடவை பாத்துக்குங்க. ஃபார்ம் நிரப்புறது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. சர்டிபிகேட்டை சரி பண்றதுதான் மாசக்கணக்குல இழுக்கும், அதனால பெட்டிஷன் போடறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஊர்ல இருக்கிற ஒருத்தரை இதுக்குன்னு அலைய வைங்க.

நம்ம பிறப்பு சான்றிதழ்ல வழக்கமா நாலு கோளாறு இருக்கும். குழந்தை பேர் கட்டம் காலியா இருக்கும், ஏன்னா பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணியிருப்பாங்க. இதை நகராட்சிலயோ பஞ்சாயத்துலயோ பேர் சேர்க்க சொல்லி எழுதிக் குடுத்து சரி பண்ணணும். ரெண்டாவது எங்க அம்மா கதை, செல்லப்பேரு. மூணாவது இனிஷியல். சான்றிதழ்ல கே. முருகேசன்னு இருக்கும், பாஸ்போர்ட்ல முருகேசன் கந்தசாமின்னு விரிச்சு இருக்கும், இங்க உக்காந்து ஃபைல் பாக்குற ஆஃபீசருக்கு கந்தசாமிங்கிறது அவரோட அப்பா பேரு, குடும்பப் பேரு இல்லைன்னு எப்படி தெரியும். அம்மாக்களுக்கு இன்னும் சிக்கல், கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். நாலாவது, சான்றிதழே இல்லாதது. பதிவே ஆகலைன்னா பதிவு இல்லைன்னு உள்ளாட்சி ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கணும், வெறுமனே இல்லைன்னு நீங்க சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. அதோட நீங்க பொறந்ததை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பெரியவங்க கிட்ட அஃபிடவிட், உங்க ஸ்கூல் டிசி, பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட் எல்லாம் சேர்க்கணும். அஃபிடவிட் குடுக்கிறவங்க தன்னோட பேர், அட்ரஸ், பொறந்த தேதி, உங்களுக்கு என்ன உறவு, அவங்களுக்கு இந்த விஷயம் எப்படி தெரியும்ங்கிறதெல்லாம் எழுதணும். "நான் அப்போ பக்கத்து வீட்ல இருந்தேன், பிரசவத்தப்ப ஆஸ்பத்திரில கூட இருந்தேன்"னு எங்க பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதினோம், வக்கீல் குமாஸ்தா வச்சிருந்த ரெடிமேட் வாசகத்தை நான் வேண்டாம்னுட்டேன்.

எங்க கேஸ்ல அந்த லெட்டருக்கு நான் அனுப்பினது இதுதான்: பாப்பா, ஆர். சரஸ்வதி, சரஸ்வதி கல்யாணசுந்தரம் மூணும் ஒரே நபர்னு அம்மாவே நோட்டரி முன்னாடி குடுத்த அஃபிடவிட், பெரியம்மாவும் மாமாவும் குடுத்த அஃபிடவிட், பழைய ரேஷன் கார்டு காப்பி, அம்மாவோட ஸ்கூல் சர்டிபிகேட், அப்புறம் ஒரே ஒரு பக்கத்துல நான் எழுதின விளக்கம். தமிழ்நாட்டுல குடும்பப் பேரு பழக்கம் இல்ல, அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், கல்யாணத்துக்கு அப்புறம் பொம்பளைங்களுக்கு அது மாறும், எங்க வீட்ல யாருக்கு எந்த எழுத்து எங்க இருந்து வந்துச்சுன்னு சின்ன டேபிளா போட்டேன். அந்த ஒரு பக்கத்தை முதல் நாளே பெட்டிஷனோட சேர்த்து அனுப்பியிருந்தா அந்த லெட்டரே வந்திருக்காதுன்னு நான் நம்புறேன், நீங்க கட்டாயம் சேருங்க. பாஸ்போர்ட்ல ஒரே பேரா, சர்நேம் கட்டமோ கிவன் நேம் கட்டமோ காலியா இருந்தா அதையும் இப்பவே ரெண்டா பிரிச்சு புது பாஸ்போர்ட் எடுத்துடுங்க, இல்லைன்னா விசாலயும் அப்புறம் வர்ற கார்டுகள்லயும் முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யு, அதாவது முதல் பேர் தெரியலைன்னு விழும், பேங்க்ல இருந்து லைசென்ஸ் வரைக்கும் அதோடயே அலையணும்.

கல்யாண சர்டிபிகேட் அடுத்த தலைவலி. தமிழ்நாட்டுல எல்லா கல்யாணத்தையும் பதிவு பண்ணியே ஆகணும்னு சட்டம் வந்ததே 2009-லதான். நம்ம அம்மா அப்பா காலத்துல தாலி கட்டி சாப்பாடு போட்டா முடிஞ்சுது. இந்துக் கல்யாணமா இருந்தா 1955 இந்து திருமணச் சட்டப்படி பழைய கல்யாணத்தையும் இப்போ சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல பதிவு பண்ணிக்கலாம். கல்யாண பத்திரிகை, போட்டோ, ரெண்டு பேரோட அடையாள அட்டை, வயசு ப்ரூஃப், சாட்சிங்க வேணும். எங்க அப்பா அம்மா எழுபது வயசுல மாலை இல்லாம போட்டோ எடுத்துக்கிட்டு பதிவு பண்ணிட்டு வந்தாங்க, அம்மாவுக்கு அன்னைக்கு ஒரே வெக்கம். ஐயர் இல்லாம நடந்த சுயமரியாதை கல்யாணமா இருந்தாலும் பயப்பட வேண்டாம், 1967-ல அண்ணா ஆட்சில கொண்டு வந்த திருத்தப்படி அதுவும் செல்லும், அதையும் பதிவு பண்ணலாம். சர்டிபிகேட் கையில வந்ததும் கல்யாணம் நடந்த தேதி, பதிவு பண்ண தேதி ரெண்டும் தனித்தனியா சரியா இருக்கான்னு அந்த கவுன்டர்லயே நின்னு பாருங்க. பதிவு பண்ண தேதியை கல்யாணத் தேதின்னு எடுத்துக்கிட்டா நீங்க பொறந்து நாப்பது வருஷம் கழிச்சு கல்யாணம்னு ஆயிடும்.

தமிழ்ல இருக்கிற எந்த பேப்பரா இருந்தாலும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வேணும்னு இல்ல, ரெண்டு மொழியும் நல்லா தெரிஞ்ச ஒருத்தர், இது முழுசா சரியா இருக்கு, எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்னு எழுதி கையெழுத்து போட்டா போதும். நீங்களே பண்ணாம ஒரு ஃப்ரெண்டு கிட்ட குடுங்க.

பெட்டிஷன் அப்ரூவ் ஆக நேரம் ஏறும் இறங்கும், ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னு மனசுல வச்சுக்குங்க. அப்புறம் கேஸ் என்விசிக்கு, அதாவது நேஷனல் விசா சென்டருக்கு போகும். அங்க ஒவ்வொருத்தருக்கும் விசா ஃபீஸ் 325 டாலர், ஸ்பான்சர் பேப்பர் பாக்கிறதுக்கு 120 டாலர். டிஎஸ்-260ன்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம், அதுல 16 வயசுல இருந்து இருந்த எல்லா அட்ரஸும் கேட்கும். அப்பா பேங்க்ல வேலை பாத்து மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறினவருன்னா போன்லயே ரெண்டு நாள் உக்காரணும். எங்களுக்கு அது நல்ல ரெண்டு நாளா போச்சு, அப்பா ஒவ்வொரு ஊர் வாடகை வீட்டையும் சொல்லிட்டே இருந்தாரு, எனக்கு தெரியாத கதை எவ்வளவோ வந்துச்சு. பிள்ளைங்க எல்லாரோட பேரையும் போடுங்க, கல்யாணம் ஆனவங்க, தனியா போனவங்க யாரையும் விடாதீங்க. என்விசி கூட ஒரு வருஷத்துக்கு எந்த தொடர்பும் இல்லாம விட்டா கேஸையே மூடிடுவாங்க, அதனால பேப்பர் ரெடி ஆகலைன்னாலும் நடுவுல லாகின் பண்ணுங்க, மெசேஜ் போடுங்க.

ஸ்பான்சர் பேப்பர் ஐ-864. இதுல கையெழுத்து போட்டா சட்டப்படி காண்ட்ராக்ட், அவங்க சிட்டிசன் ஆகுற வரைக்கும், இல்ல சுமார் பத்து வருஷ வேலை கணக்கு சேர்ற வரைக்கும், இல்ல நிரந்தரமா நாட்டை விட்டு போற வரைக்கும், இல்ல காலமாகிற வரைக்கும் உங்க பொறுப்பு. வருமானம் வறுமைக்கோட்டு அளவுல 125 சதவீதம் இருக்கணும். நீங்க, துணை, ரெண்டு பசங்க, அம்மா, அப்பான்னு ஆறு பேருக்கு 2025 கணக்குப்படி 53,937 டாலர். இந்த நம்பர் வருஷா வருஷம் மாறும். பத்தலைன்னா ஒரே வீட்ல இருக்கிற மனைவியோ வீட்டுக்காரரோ ஐ-864ஏ போட்டு அவங்க சம்பளத்தையும் சேர்க்கலாம், அதுவும் பத்தலைன்னா வேற ஒரு சிட்டிசனோ கிரீன் கார்டு காரரோ ஜாயின்ட் ஸ்பான்சரா வரலாம், ஆனா மேல சொன்ன பொறுப்பு அவங்க தலையிலயும் ஏறும், கேட்கிறப்பவே அதை விளக்கி சொல்லிட்டு கேளுங்க. சொத்தையும் காட்டலாம், குறையுற தொகைக்கு அஞ்சு மடங்கு இருக்கணும், 6,000 டாலர் குறைஞ்சா 30,000 டாலர். ஐஆர்எஸ்ங்கிற அமெரிக்க வரி ஆபீஸோட டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட், கம்பெனி குடுக்கிற வருஷ சம்பளக் கணக்கான டபிள்யூ-2, சமீபத்திய பே ஸ்டப், கம்பெனி லெட்டர் வச்சா போதும்.

போலீஸ் சர்டிபிகேட் பாஸ்போர்ட் ஆபீஸ் மூலமா வாங்குறதுதான் செல்லும், லோக்கல் ஸ்டேஷன்ல எழுதி வாங்குறது இல்ல. அப்பா துபாய்லயோ சிங்கப்பூர்லயோ ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருந்தா அந்த நாட்டு சர்டிபிகேட்டும் கேட்பாங்க, இருபது வருஷம் முன்னாடி விட்டுட்டு வந்த நாடா இருந்தாலும் கேட்பாங்க, அதை முதல் மாசமே தேட ஆரம்பிங்க.

இன்டர்வியூ சென்னைல இல்ல, மும்பைல. டூரிஸ்ட் விசாவுக்கு அண்ணா மேம்பாலம் பக்கம் போய் வந்த நினைப்புலயே இருப்பாங்க, இமிக்ரன்ட் விசாவுக்கு மும்பை கான்சுலேட்தான். அதுக்கு முன்னாடி அவங்க லிஸ்ட்ல இருக்கிற டாக்டர் கிட்ட மெடிக்கல் முடிக்கணும், சொந்த டாக்டர் சர்டிபிகேட் ஆகாது. மெடிக்கல்ல வயசானவங்களுக்கு மாட்டுறது செஸ்ட் எக்ஸ்ரே. எப்பவோ வந்து ஆறின டிபி தழும்பு நுரையீரல்ல இருந்தா கூட மூணு நாள் காலைல சளி எடுத்து கல்ச்சர் வைப்பாங்க, அதோட ரிசல்ட்டுக்கு எட்டு வாரம். விசா இல்லைன்னு அர்த்தம் இல்ல, காத்திருக்கணும் அவ்வளவுதான். ஆனா அதுக்குள்ள வீட்டை காலி பண்ணி டிக்கெட்டும் போட்டுட்டா கஷ்டம், அதனால விசா கைக்கு வர்ற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க. பழைய எக்ஸ்ரே ஏதாவது இருந்தா எடுத்துட்டு போக சொல்லுங்க. சுகர், பிரஷர், ஆஞ்சியோ எதையும் மறைக்க வேண்டாம். ஆஃபீசர் வயசு, உடம்பு, காசு எல்லாத்தையும் சேர்த்துதான் பாக்குறாங்க, அதனால உங்க சம்பள பேப்பர் பலமா இருக்கட்டும், வந்ததும் என்ன இன்சூரன்ஸ் எடுக்கப் போறீங்கன்னு அம்மா அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்.

இன்டர்வியூல பெருசா ஒண்ணும் கேட்க மாட்டாங்க. பையன் என்ன வேலை, எப்போ சிட்டிசன் ஆனான், பேரப்பிள்ளைங்க பேர் என்ன, எங்க தங்கப் போறீங்க. ஒரிஜினல் எல்லாம் ஒரு ஃபைல்ல வரிசையா இருக்கணும். நீங்க போகணும்னு அவசியம் இல்ல, ஆனா முடிஞ்சா அக்காவோ சித்தப்பாவோ ஒருத்தர் மும்பைக்கு கூட போகட்டும், ஹிந்தி தெரியாம எழுபது வயசுல ரெண்டு பேர் மட்டும் மும்பைல நாலஞ்சு நாள் தங்கி ஆஸ்பத்திரி, கான்சுலேட்னு அலையுறது பாவம்.

நடுவுல ஒண்ணு. அம்மா அப்பா ஏற்கனவே டூரிஸ்ட் விசால இங்க வந்து இருக்கிறப்ப சூழ்நிலை மாறினா இங்கயே ஐ-130-ம், அமெரிக்காக்குள்ள இருந்தே கிரீன் கார்டு கேட்கிற ஐ-485-ம் சேர்த்து போடலாம், ஐ-485-க்கு ஆளுக்கு 1,440 டாலர். ஆனா இங்க வந்து போட்டுக்கலாம்னு முன்கூட்டியே திட்டம் போட்டு ஏர்போர்ட்ல சும்மா பாக்க வந்தோம்னு சொல்லி உள்ள வந்தா அது பொய் சொன்னது, பின்னாடி கேஸையே கெடுக்கும். யார் சொன்னாலும் அந்த வழி வேண்டாம். இங்க போட்டா கேஸ் நடக்கிறப்ப அட்வான்ஸ் பரோல், அதாவது வெளிய போய் திரும்பி வர முன் அனுமதி வாங்காம நாட்டை விட்டு வெளிய போகவும் கூடாது, போனா அப்ளிகேஷனை கைவிட்டதா ஆயிடும். ஊர்ல ஒரு சாவுன்னா கூட உடனே கிளம்ப முடியாது.

விசா வந்தா அதிகபட்சம் ஆறு மாசம்தான் செல்லும், மெடிக்கல் தேதியை பொறுத்து குறையவும் செய்யும், அதுக்குள்ள வந்து இறங்கணும். யுஎஸ்சிஐஎஸ் இமிக்ரன்ட் ஃபீஸ் 235 டாலர் ஆன்லைன்ல கட்டிடுங்க, அதை கட்டினாத்தான் கார்டு பிரிண்ட் ஆகும். கார்டு வர்ற வரைக்கும் ஸ்டாம்ப் போட்ட விசாவே ஒரு வருஷத்துக்கு கிரீன் கார்டு மாதிரி செல்லும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ல செய்ய வேண்டியது: வீடு நிலத்துக்கு நம்பகமான ஆளுக்கு பவர் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, இங்க வந்து எழுதினா கான்சுலேட் அட்டெஸ்டேஷன், ஊருக்கு அனுப்பி மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப்னு சுத்தணும். இருக்கிற நஞ்சை புஞ்சை அவங்க பேர்லயே இருக்கலாம், ஆனா என்ஆர்ஐ ஆனதுக்கு அப்புறம் புதுசா விவசாய நிலம் வாங்க முடியாது. பேங்க் அக்கவுன்ட்டை என்ஆர்ஓவா, அதாவது என்ஆர்ஐகளோட இந்திய ரூபாய் அக்கவுன்ட்டா மாத்தணும். பென்ஷன் இருந்தா உயிர்வாழ் சான்று வருஷா வருஷம் வேணும், அதை இங்க இந்தியன் கான்சுலேட்ல வாங்கலாம்.

வந்து இறங்கின உடனே இன்சூரன்ஸ். இதுல தாமதம் பண்ணாதீங்க, கெஞ்சி கேட்டுக்கிறேன். உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்ல பொதுவா அம்மா அப்பாவை சேர்க்க முடியாது. மெடிகேர்ங்கிற அரசாங்க முதியோர் இன்சூரன்ஸுக்கு 65 வயசும், கிரீன் கார்டோட தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க இருந்திருக்கிறதும் வேணும், அப்புறமும் வேலை பாத்து வரி கட்டாதவங்களுக்கு ஃப்ரீ இல்ல, 2025-ல ஆஸ்பத்திரி செலவுக்கான பார்ட் ஏ மாசம் 518 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி 185 டாலர், அதுவும் ஆளுக்கு. அந்த அஞ்சு வருஷத்துக்கு மார்க்கெட்பிளேஸ்ல, அதாவது அரசாங்கம் நடத்துற இன்சூரன்ஸ் சந்தைல இன்சூரன்ஸ் வாங்கலாம், வந்த நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள சேரணும், அதை விட்டா வருஷக் கடைசி சேர்க்கை வரைக்கும் காத்திருக்கணும். டிராவல் இன்சூரன்ஸ் எடுத்து ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு அது பெருசா எதுவும் குடுக்காது, ஒரு ராத்திரி எமர்ஜென்சி பில் வீட்டையே ஆட்டிடும்.

அடுத்தது டாக்ஸ். கிரீன் கார்டு வந்த நாள்ல இருந்து இந்தியால வர்ற பென்ஷன், எஃப்டி வட்டி, வாடகை எல்லாத்தையும் இங்க கணக்கு காட்டணும். இந்திய அக்கவுன்ட் எல்லாம் சேர்த்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரை தாண்டினா எஃப்பார், அதாவது வெளிநாட்டு அக்கவுன்ட் விவரம் சொல்ற ரிப்போர்ட் போடணும், அப்பாவோட ரிட்டையர்மென்ட் எஃப்டியே அதை தாண்டிடும். இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வச்சிருந்தா இங்க அதோட டாக்ஸ் ரொம்ப மோசம், கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு நாட்டு கணக்கும் தெரிஞ்ச ஒரு சிபிஏ (அமெரிக்க ஆடிட்டர்) கிட்ட பேசிட்டு வித்துடலாமான்னு முடிவு பண்ணுங்க.

கார்டை காப்பாத்துறது கடைசி விஷயம். ஆறு மாசத்துக்கு மேல ஊர்ல இருந்துட்டு திரும்பினா ஏர்போர்ட்ல கேள்வி வரும், ஒரு வருஷத்தை தாண்டினா கார்டை மட்டும் காட்டி உள்ள வர முடியாது. அதிக நாள் இருக்க வேண்டி வரும்னு தெரிஞ்சா, அதாவது முழங்கால் ஆபரேஷன், வீடு விக்கிறது, பாட்டியை பாத்துக்கிறது மாதிரி ஏதாவது இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி இங்க இருந்தே ஐ-131 ஃபார்ம்ல ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்ப உள்ள வர அனுமதி கேட்டு போடணும், ரெண்டு வருஷம் வரைக்கும் குடுப்பாங்க. ஊருக்கு போனதுக்கு அப்புறம் போட முடியாது. ஏர்போர்ட்ல ஆஃபீசர் ஐ-407னு ஒரு ஃபார்மை நீட்டி கையெழுத்து போடுங்கன்னா, அது கார்டை தானா திருப்பி குடுக்கிறதுக்கான பேப்பர், போட்டே ஆகணும்னு எந்த கட்டாயமும் இல்ல, ஜட்ஜ் முன்னாடி பேச உரிமை இருக்கு. இதை அம்மா அப்பாவுக்கு நல்லா சொல்லி குடுங்க, நம்ம பெரியவங்க யூனிஃபார்ம் பாத்தா கேட்ட இடத்துல கையெழுத்து போட்டுடுவாங்க. நான் அப்பாவோட பாஸ்போர்ட் கவர்ல ஒரு அட்டை வச்சிருக்கேன், ஒரு பக்கம் என் போன் நம்பர், இன்னொரு பக்கம் பெரிய தமிழ் எழுத்துல "ஐ-407, கையெழுத்து போடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க." ஒவ்வொரு மார்கழிக்கும் கிளம்புறப்ப அது உள்ள இருக்கான்னு அம்மா எடுத்து பாத்துட்டுதான் பையை மூடுவாங்க.